வலிப்புக்கு இரண்டாவது மாத்திரை: சேர்ப்பதிலிருந்து சரிபார்ப்பது வரை

ஒரு மாத்திரையில் வலிப்பு அடங்காவிட்டால் டாக்டர் இன்னொன்றைச் சேர்த்து எழுதுவார். அந்தச் சீட்டோடு வீட்டுக்கு வந்த பிறகு, முதல் இரண்டு மாதத்தில்தான் தப்புகள் நடக்கின்றன. பழையதை நிறுத்திவிடுவது, புதியதை அவசரமாக ஏற்றுவது, ஒரே மருந்தை இரண்டு பெயரில் விழுங்குவது என்று மூன்று தப்புகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கீழே உள்ள வரிசையில் போனால் மூன்றையும் தவிர்க்கலாம்.

இதில் வரும் அளவுகள் பெரியவர்களுக்கு வழக்கமாக எழுதப்படுபவை. உங்கள் சீட்டைப் புரிந்துகொள்ள மட்டும் அவற்றைப் பயன்படுத்துங்கள். சீட்டில் வேறு அளவு இருந்தால் மருந்தைத் தொடங்கும் முன் டாக்டரிடம் கேளுங்கள்.

1. பழைய மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று எண்ணிப் பாருங்கள்

தினம் இரண்டு வேளை, மாதத்துக்கு 60 மாத்திரை வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இருபது நாள் முடிந்ததும் 20 மாத்திரை மிச்சம் இருக்க வேண்டும். 31 இருந்தால் 11 வேளை விட்டுப்போயிருக்கிறது. இதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், யாரும் திட்டமாட்டார்கள். சொல்லாவிட்டால் அந்த மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணி அவர் இரண்டாவதைச் சேர்ப்பார். பிறகு இரண்டையும் ஒழுங்காகப் போடத் தொடங்கும்போது அளவு கூடி, தலை சுற்றிப் படுக்கையில் விழ நேரிடும்.

இன்னொன்றையும் கவனித்துச் சொல்லுங்கள். காலையில் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் கை திடீரென்று வெட்டி, டீ கிளாஸோ பல் துலக்கும் பிரஷோ தெறித்து விழுகிறதா? பல வீடுகளில் இதைக் கைநடுக்கம் என்றோ அஜாக்கிரதை என்றோ விட்டுவிடுகிறார்கள். இதுவும் ஒரு வகை வலிப்பாக இருக்கலாம். கார்பமசெபின், ஆக்ஸ்கார்பசெபின், ஃபெனிடோயின் ஆகிய வலிப்பு மருந்துகள் இந்த வகையை மோசமாக்கக்கூடும். அப்படியானால் இன்னொன்றைச் சேர்ப்பதைவிட இருப்பதை மாற்றுவதே தேவைப்படலாம். சொன்னால்தான் டாக்டருக்கு அது தெரியும்.

2. சந்திப்புக்குப் போகும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். கடந்த இரண்டு மாதத்தில் வந்த வலிப்புகளை அதில் எழுதுங்கள்: தேதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, தூக்கத்திலா விழிப்பிலா, அதற்கு முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினார். இந்தக் கணக்கு இல்லாவிட்டால் புதிய மாத்திரை உதவுகிறதா என்று மூன்று மாதம் கழித்து யாராலும் சொல்ல முடியாது. மாதம் நான்கு முறை வந்தது ஒன்றாகக் குறைந்திருந்தாலும் வீட்டில் "இப்பவும் வருதே" என்றுதான் சொல்வார்கள்.

வலிப்பு வரும்போது ஒருவர் பக்கத்தில் நின்று கவனிக்க, இன்னொருவர் செல்போனில் வீடியோ எடுத்தால் மிகவும் உதவும். முகம், கண், இரண்டு கைகள் தெரிய வேண்டும்.

வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப்போங்கள். பிரஷர், சுகர், தைராய்டு மாத்திரைகளும் அதில் இருக்க வேண்டும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் சித்த வைத்தியரிடமும் வர்ம ஆசானிடமும் போகாத குடும்பம் குறைவு. அவர்கள் தந்த கஷாயம், லேகியம், பற்பம் எதுவானாலும் அதையும் காட்டுங்கள். சிறுநீரகம், கல்லீரல் சோதனை முடிவுகள் இருந்தால் சேர்த்து வையுங்கள். லெவெடிரசெட்டம் என்ற வலிப்பு மருந்தின் அளவு சிறுநீரகத்தைப் பொறுத்தும், வால்ப்ரோயேட் என்ற மருந்தைக் கொடுக்கலாமா என்பது கல்லீரலைப் பொறுத்தும் முடிவாகும்.

3. அட்டையில் சின்ன எழுத்தை வாசியுங்கள்

பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். மருந்தின் பெயர் அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். லெவிபில், லெவெரா இரண்டிலும் உள்ளது லெவெடிரசெட்டம்தான். நாகர்கோவிலில் ஒரு டாக்டர் ஒன்றை எழுத, திருவனந்தபுரத்தில் இன்னொருவர் மற்றதை எழுத, வீட்டில் இரண்டையும் "ரெண்டு மருந்து" என்று போட்டால் அளவு இரட்டிப்பாகிவிடும். புதிய அட்டையையும் பழைய அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சின்ன எழுத்துகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாவிட்டால் மருந்துக்கடையில் இரண்டையும் காட்டி, "ரெண்டும் ஒண்ணா, வேறவேறயா?" என்று கேளுங்கள்.

அட்டையைக் கத்தரித்துப் பத்து மாத்திரை வாங்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் கடையிலேயே நின்றுவிடுவதுண்டு. பெயர் உள்ள துண்டாகக் கேட்டு வாங்குங்கள்.

டாக்டர் அறையை விட்டு எழுந்திருக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது: "சார், பழையத நிறுத்தணுமா, கூடவே போடணுமா?" சேர்ப்பு மருந்து என்றால் பழையது அதே அளவில் தொடர வேண்டும். அதைத் திடீரென்று நிறுத்தினால் விடாமல் தொடரும் வலிப்பு வரலாம், அது உயிருக்கே ஆபத்து. கேள்விக்குக் கிடைத்த பதிலைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

4. அளவை ஏற்றும் கணக்கைக் காலண்டரில் குறியுங்கள்

மூளையும் தோலும் புதிய மருந்துக்குப் பழக நாள் வேண்டும். அதனால்தான் குறைந்த அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் ஏற்றுகிறார்கள். "சீக்கிரம் நிக்கட்டும்" என்று வீட்டில் இரண்டு படியை ஒன்றாகத் தாண்டுவது மிக ஆபத்தான தப்பு.

லாமோட்ரிஜின் விஷயத்தில் இது மிக முக்கியம், ஆகவே கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். வால்ப்ரோயேட் ஏற்கெனவே போடுகிறவருக்கு லாமோட்ரிஜின் உடம்பை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும், ரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய இரு மடங்காகும். எனவே பெரியவர்களுக்கு முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் 25 மி.கி., அடுத்த இரண்டு வாரம் தினம் 25 மி.கி. என்று தொடங்குவது வழக்கம். பிறகு ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை 25 முதல் 50 மி.கி. ஏற்றுவார்கள். கார்பமசெபின், ஃபெனிடோயின், ஃபெனோபார்பிடோன் போடுகிறவருக்கு நிலைமை தலைகீழ். அவை லாமோட்ரிஜினைச் சீக்கிரம் கரைத்துவிடும், ஆகவே தினம் 50 மி.கி.யில் தொடங்குவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எப்படி ஏற்றினார் என்று பார்த்து நீங்கள் ஏற்றக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். அவருடைய பழைய மாத்திரை வேறாக இருக்கலாம்.

"ஒருநாள் விட்டு ஒருநாள்" என்பது எளிதில் குழம்பும். சமையலறைக் காலண்டரில் போடும் தேதிகளை முன்கூட்டியே வட்டமிட்டு, போட்டதும் குறுக்குக் கோடு கிழியுங்கள். லாமோட்ரிஜின் தொடர்ந்து ஐந்து நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவுக்கு நேராகத் திரும்பாதீர்கள். மறுபடி அடியிலிருந்து ஏற்ற வேண்டியிருக்கும், டாக்டரைக் கேளுங்கள்.

மற்றவற்றில் கணக்கு எளிது. லெவெடிரசெட்டம் பெரும்பாலும் காலை, இரவு 250 அல்லது 500 மி.கி.யில் தொடங்கும். குளோபசாம் இரவில் 5 அல்லது 10 மி.கி., டோபிரமேட் இரவில் 25 மி.கி., பெராம்பனெல் இரவில் 2 மி.கி.

ஃபெனிடோயின் மட்டும் வித்தியாசமானது. 300 மி.கி.யை 400 ஆக்கினால் ரத்தத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கூடும் என்று நினைக்க வேண்டாம், அதைவிடப் பல மடங்கு எகிறலாம். நடை தள்ளாடுதல், கண்மணி ஆடுதல், பேச்சு குழறுதல் தெரிந்தால் குடித்தவர்போல இருக்கிறார் என்று விட்டுவிடாமல் ரத்தத்தில் மருந்தளவு பார்க்க வேண்டும்.

குழந்தைகளுக்குச் சிரப் என்றால் ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். லெவெடிரசெட்டம் சிரப் வழக்கமாக 1 மில்லிக்கு 100 மி.கி. வால்ப்ரோயேட் சிரப் வழக்கமாக 5 மில்லிக்கு 200 மி.கி. இரண்டுக்கும் ஒரே கரண்டியைப் பயன்படுத்தினால் ஒன்று கண்டிப்பாகத் தவறும். வீட்டுக் கரண்டிகளில் சிலவற்றில் 4 மில்லி பிடிக்கும், சிலவற்றில் 8.

5. முதல் எட்டு வாரம் எதைப் பார்க்க வேண்டும்

தோல். லாமோட்ரிஜின், கார்பமசெபின், ஆக்ஸ்கார்பசெபின், ஃபெனிடோயின் தொடங்கி எட்டு வாரத்துக்குள் தடிப்பு வந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள், அடுத்த வேளையைப் போடும் முன்பே. கருத்த தோலில் சிவப்பாகத் தெரியாது, கருமையாகவோ சொரசொரப்பாகவோ தெரியும். குளித்ததும் முதுகையும் மார்பையும் வெளிச்சத்தில் பாருங்கள். தடிப்போடு காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, கொப்புளம் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தோல் உரியும் ஆபத்தான நிலைக்கு அது தொடக்கமாக இருக்கலாம். வேர்க்குரு என்றோ அம்மை என்றோ வேப்பிலை கட்டிப் படுக்கவைத்தால் பொன்னான இரண்டு நாள் போய்விடும்.

மனம். லெவெடிரசெட்டமும் பெராம்பனெலும் சிலருக்குக் கோபத்தைக் கிளப்பும். அமைதியானவர் தட்டைத் தூக்கி எறிகிறார், பிள்ளை காரணமில்லாமல் அடிக்கிறது என்றால் குணம் கெட்டுவிட்டது என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். மருந்தைத் தொடங்கிய தேதியையும் கோபம் தொடங்கிய தேதியையும் நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். உயிரை மாய்த்துக்கொள்வதாகப் பேசினால் தாமதிக்கவே கூடாது.

தூக்கம். குளோபசாம் முதல் வாரம் மந்தமாக்கும், பெரும்பாலும் குறையும். குறையாமல் கூடிக்கொண்டே போனால் சேர்க்கையைச் சந்தேகியுங்கள். வால்ப்ரோயேட் ஃபெனோபார்பிடோனின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். வால்ப்ரோயேட்டும் டோபிரமேட்டும் சேரும்போது சிலருக்கு ரத்தத்தில் அமோனியா கூடி வாந்தி, குழப்பம், எழுப்ப முடியாத மயக்கம் வரலாம்.

இரட்டைப் பார்வை, தலைசுற்றல். கார்பமசெபினோடு லாமோட்ரிஜினோ லாகோசமைடோ சேரும்போது இது வருவதுண்டு. மாத்திரை போட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் வந்து போகிறதா என்று நேரம் பார்த்துச் சொன்னால், டாக்டர் வேளையைப் பிரித்துக் கொடுத்தே சரிசெய்ய முடியும்.

டோபிரமேட் போடுகிறவர் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், சிறுநீரகக் கல் வரலாம். வியர்வையும் குறையும். வெயிலில் வேலை செய்கிறவருக்கு உடம்பு கொதிக்கும். கார்பமசெபின், ஆக்ஸ்கார்பசெபின் போடும் வயதானவர் பிரஷருக்கு நீர் மாத்திரையும் போட்டால் ரத்தத்தில் சோடியம் இறங்கலாம். சோர்வு, குழப்பம் தெரிந்தால் சோடியம் பாருங்கள்.

6. வேலைக்கு ஏற்ற நேரம்

ரப்பர் பால் வெட்டுகிறவர் விடியும் முன்பே எழுந்து தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறார். இரவு பத்து மணிக்குத் தூக்கம் தரும் மாத்திரை போட்டால் நாலு மணிக்கு அதன் மந்தம் தீர்ந்திருக்காது, கையில் இருப்பதோ கூரான வெட்டுக்கத்தி. வேலை நேரத்தை டாக்டரிடம் சொன்னால் மாத்திரையை ஏழு மணி இரவுச் சாப்பாட்டோடு மாற்றித் தருவார். தூக்கம் குறைந்தாலே வலிப்பு வரும் என்பதால், அளவு நிலைப்படும்வரை வெட்டைத் தள்ளிவைப்பது நல்லது.

தேங்காய்ப்பட்டணம், குளச்சல் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் கரை திரும்ப வாரக்கணக்கு ஆகும். அளவை ஏற்றும் காலத்தில் கடலுக்குப் போகவே வேண்டாம். நடுக்கடலில் தடிப்போ வலிப்போ வந்தால் ஆஸ்பத்திரி ஒருநாள் தூரத்துக்கும் அப்பால். வலிப்பு அடங்காதவர் வள்ளத்தில் போவது, பனையோ தென்னையோ ஏறுவது, குளத்தில் தனியே குளிப்பது மூன்றையும் விட வேண்டும். வண்டியும் ஓட்டக் கூடாது. ஓட்டுநர் உரிம விண்ணப்பத்தில் வலிப்பு உண்டா என்ற கேள்வியே இருக்கிறது.

சிவராத்திரியில் திருமலையிலிருந்து திருநட்டாலம்வரை பன்னிரண்டு கோயில் ஓடும் சிவாலய ஓட்டம், கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காட்டுக் கொடை: பக்தி குறைய வேண்டாம், ஆனால் புதிய மாத்திரை தொடங்கிய மாதத்தில் இரவு முழுக்க விழிக்காதீர்கள். நோன்பு, விரதம் இருப்பதானால் இரண்டு வேளை மருந்தை எப்படிப் பிரிப்பது என்று முன்பே கேட்டுவையுங்கள்.

காலை எட்டு மணி மாத்திரையை மறந்து ஒரு மணிக்கு நினைத்தால் அப்போதே போடலாம். இரவு வேளைக்கு ஓரிரு மணி நேரமே இருந்தால் விட்டதை விட்டுவிடுங்கள். இரண்டை ஒன்றாகப் போடக் கூடாது. ஆபரேஷனுக்கு வெறும் வயிற்றில் வரச் சொன்னால் வலிப்பு மாத்திரையையும் விட வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். ஒரு மடக்குத் தண்ணீரில் போடலாமா என்று மயக்க டாக்டரிடம் கேளுங்கள்.

7. ஈரக் காற்றும் மாத்திரையும்

வால்ப்ரோயேட் ஈரத்தை இழுக்கும். ஒரு வாரத்துக்கு மொத்தமாகப் பிரித்து டப்பாவில் போட்டால், ஆனியிலும் ஐப்பசியிலும் இங்கே அடிக்கும் ஈரக் காற்றில் நாலைந்து நாளில் பிசுபிசுத்து, பூச்சு உரிந்து ஒட்டிக்கொள்ளும். போடும் வேளையில்தான் அட்டையைக் கிழிக்க வேண்டும். நாள் கணக்குக்கு டப்பா வேண்டுமென்றால் அட்டையைத் துண்டு துண்டாக நறுக்கி, மாத்திரை உறைக்குள் இருக்கும்படியே டப்பாவில் போடுங்கள்.

குரோனோ, சி.ஆர். என்று பெயரில் இருந்தால் அது மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரை. பொடித்தாலோ மென்றாலோ நாள் முழுக்க வர வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். விழுங்க முடியாவிட்டால் சிரப் கேளுங்கள்.

8. இடையில் வரும் மற்ற மருந்துகள்

எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டரானாலும், உட்கார்ந்ததும் முதலில் சொல்ல வேண்டியது வலிப்பு மாத்திரைகளின் பெயர்களை. சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்லாக்சசின் ஆன்டிபயாடிக்குகளும் டிரமடால் வலி மாத்திரையும் வலிப்பைத் தூண்டக்கூடும். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் கார்பமசெபினை ரத்தத்தில் ஏற்றிவிடும். காசநோய் மருந்துகளில் ஐசோனியசிட் ஃபெனிடோயினை ஏற்றும், ரிஃபாம்பிசின் பல வலிப்பு மருந்துகளை இறக்கும். ஐ.சி.யூ.வில் சேர்ந்தால் வால்ப்ரோயேட் போடுவதைச் சத்தமாகச் சொல்லுங்கள். மெரோபெனெம் என்ற ஆன்டிபயாடிக் ஊசி அதன் அளவை ஓரிரு நாளில் அடிமட்டத்துக்குக் கொண்டுபோய்விடும்.

கற்பூரமும் நீலகிரித் தைலமும்கூட வலிப்பைத் தூண்டுபவை. சளிக்கு நெஞ்சில் தேய்ப்பதையும் ஆவி பிடிப்பதையும் நிறுத்துங்கள். சாராயத்தோடு குளோபசாம் சேர்ந்தால் மூச்சே அடங்கலாம்.

9. பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்கள்

வால்ப்ரோயேட் வயிற்றுப் பிள்ளையின் முதுகுத்தண்டையும் அறிவு வளர்ச்சியையும் பாதிக்கலாம். டோபிரமேட்டாலும் பிள்ளைக்குக் குறை வரலாம். கல்யாணம் பேசும்போதே டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்ற மாதங்கள் ஆகும். நாள் தள்ளிப்போய்விட்டது என்று தெரிந்ததும் பயந்து நிறுத்துவது தாய்க்கும் பிள்ளைக்கும் அதைவிட ஆபத்து. மாத்திரையைத் தொடர்ந்தபடியே அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். ஃபோலிக் ஆசிட் எத்தனை மி.கி. என்று கேளுங்கள், வலிப்பு உள்ளவர்களுக்குப் பல டாக்டர்கள் 5 மி.கி. எழுதுவார்கள்.

கார்பமசெபின், ஃபெனிடோயின் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையும் கர்ப்பமும் லாமோட்ரிஜினை ரத்தத்தில் இறக்கும். மாமியாரிடமோ கணவரிடமோ சொல்லத் தயங்கினாலும் டாக்டரிடம் இதை மறைக்க வேண்டாம்.

10. வலிப்பு வந்துவிட்டால்

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்து, தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள். சாவியும் இரும்பும் வேண்டாம், வாயில் தண்ணீரோ மாத்திரையோ போகக் கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன் அடுத்தது வந்தாலோ 108. தண்ணீருக்குள் வந்த வலிப்பு என்றால் தெளிந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், நுரையீரலில் தண்ணீர் போயிருக்கலாம்.

வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரே எழுதித் தந்திருந்தால், ஒவ்வொரு மூக்கிலும் எத்தனை தடவை என்று பாட்டிலிலேயே பிளாஸ்டர் ஒட்டி எழுதிவையுங்கள். பாட்டிலுக்குப் பாட்டில் மருந்தின் அளவு மாறும், புதிது வாங்கும்போது மறுபடி கேட்க வேண்டும்.

11. மூன்றாம் மாதம்

நோட்டை எடுத்து, சேர்ப்பதற்கு முன் இருந்த இரண்டு மாதத்தோடு ஒப்பிடுங்கள். ரத்தத்தில் மருந்தளவு பார்க்கச் சொல்லியிருந்தால் காலை மாத்திரை போடும் முன் ரத்தம் கொடுங்கள். போட்ட பிறகு கொடுத்தால் எண் கூடக் காட்டும்.

வலிப்பு நின்றிருந்தாலும் எந்த மாத்திரையையும் நீங்களாகக் குறைக்கக் கூடாது. பழையதை எடுத்துவிடலாம் என்று டாக்டர் முடிவு செய்தால் அதுவும் படிப்படியாகத்தான். குளோபசாம், ஃபெனோபார்பிடோன் என்றால் இன்னும் மெதுவாக.

சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் போட்டும் வலிப்பு நிற்காவிட்டால், மூன்றாவதும் நான்காவதும் சேர்ப்பதால் முழுக்க நிற்கும் வாய்ப்பு குறைவு. சுமார் மூன்றில் ஒருவருக்கு இந்த நிலை வருகிறது. அப்போது வீடியோ இ.இ.ஜி. (வலிப்பை வீடியோவில் பிடித்தபடியே மூளையின் மின் அலைகளைப் பதியும் சோதனை), எம்.ஆர்.ஐ. பார்த்து மூளை ஆபரேஷன் உதவுமா என்று ஆராய வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியிலோ உங்கள் நரம்பியல் டாக்டரிடமோ மேல்சிகிச்சைக் கடிதம் கேளுங்கள். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிலையத்தில் வலிப்புக்கென்றே தனி மையம் இருக்கிறது. போகும்போது நோட்டு, வீடியோ, இதுவரை போட்ட ஒவ்வொரு மருந்தின் பெயர், அதிகபட்சம் போட்ட அளவு, ஏன் நிறுத்தினார்கள் என்ற குறிப்பு எல்லாவற்றையும் ஒரே பைலில் வைத்து எடுத்துப்போங்கள்.